ஓடாத பஸ்ஸும் நான் சொன்ன ஓமும்

மகன்,

தொலைக்காட்சியின் வயரை நான் தையல் கத்தரிக்கோலால் வெட்டினேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய். நான் வெட்டவில்லை, கழற்றினேன். சுவரில் இருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தேன், அவ்வளவுதான். என் கத்தரிக்கோல் துணிக்கு மட்டுமே உரியது. அதைக் கடதாசி வெட்டக்கூட நான் கொடுப்பதில்லை என்பது உனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். கத்தினேன் என்றும் சொல்லியிருப்பார்கள். நான் கத்துவதில்லை. கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருடம் படித்தவளுக்குக் கத்தாமலே ஒரு அறையை அடக்கத் தெரியும். அழுதேன் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். தபாலுக்குப் போகும் முன் இந்த முதியோர் இல்லத்தில் உள்ளவர்கள் வாசிப்பார்கள். ஒரு பிரதி சாப்பாட்டு அறைப் பலகையில் குத்தப்படும். நீ திரையில் தோன்றி எல்லோருக்கும் முன்னால் என்னைப் பற்றிக் கதைத்தாய். ஆகவே நானும் எல்லோருக்கும் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும்.

கொட்டகை என்று நாங்கள் சொல்லும் இடத்தை நீ இரண்டு தரம் பார்த்திருக்கிறாய். இரண்டு தரமும் காலையில். அப்போது அது வெறும் தகரக் கூரை, அரைச் சுவர், கடற்கரை மணல் படிந்த சீமெந்துத் தரை. ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய இடம். முழங்கால் உயரத்தில் ஒரு பலகை மேடை, இரண்டு கட்டை ஊமையாகிப்போன ஹார்மோனியம், ஒரு கரம் பலகை, ஒரே நிறத்தில் நாலு சேராத பிளாஸ்டிக் கதிரைகள். நீ மூக்கைச் சுளித்ததை நான் கண்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. காலையில் பார்த்தால் நானும் சுளிப்பேன். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நீ ஒருநாளும் அங்கே இருந்ததில்லை, மகன். பரீதா அஸர் தொழுதுவிட்டு வருவாள், நான் செபமாலையை முடித்துவிட்டு வருவேன், சீனித்தம்பி அண்ணன் திருநீற்றைப் புதிதாகப் பூசிக்கொண்டு வருவார். வந்த கையோடு கதிரைகளை இரண்டிரண்டாக, நடுவில் வழி விட்டு, வரிசையாக அடுக்குவார். பிறகு பஸ் வெளிக்கிடும்.

சீனித்தம்பி அண்ணன் முப்பது வருடம் இந்தக் கடற்கரை வீதியில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். ஊர் திருக்கோவில். மேடை விளிம்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, கையால் கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவார்: "ஏறு, ஏறு, ஏறு! சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில்! உள்ளுக்குப் போங்கம்மா, உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கலாம்!" நாங்கள் இருபத்தைந்து பேர், ஊன்றுகோலும் கைத்தாங்கலுமாக ஏறி உட்காருவோம். நிந்தவூர்க்காரி பரீதா கேட்பாள், "கொண்டக்டர், நிந்தவூர்ல நிப்பாட்டுவீங்களா, இல்லாட்டி பறந்திடுவீங்களா?" அவர் சொல்வார், "மீன் கூடையோட ஏறின ஆக்களுக்கு நிப்பாட்ட மாட்டன்." அவள் விடமாட்டாள். "மீன் நாத்தம் எண்டா முதல்ல ஒங்கட மீசைய மணந்து பாருங்க கா!" பெண்ணுக்குப் போடும் 'கா'வை ஆணுக்குப் போடுகிறாள் என்று பஸ் முழுக்கச் சிரிக்கும்.

அந்த விளையாட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது. அவரவர் ஊர் வந்ததும் அவரவர் எழும்பி, வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். காரைதீவில் றோசம்மா இறங்குவாள். "மருமகள் குடையோட நிக்கிறாள், மழை வரப்போகுதாம்" என்பாள். அந்த மருமகள் மூன்று வருடமாக இந்தப் பக்கம் வந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை. சீனித்தம்பி அண்ணன் மட்டும், "குடை நல்ல குடை, கவனமாப் போங்க" என்று சொல்லி விசில் அடிப்பார். எனக்கு இறங்குமிடம் இல்லை. பஸ் வெளிக்கிடும் கல்முனையே என் ஊர். ஆகவே எனக்கு டிக்கெட் பரிசோதிக்கும் வேலை தந்திருந்தார்கள். நான் எழும்பினால், "செக்கர் மிஸ் வாறா, எல்லாரும் ஒழுங்கா இருங்க!" என்று ஒரு சத்தம் வரும். டிக்கெட் கேட்பேன், பேச்சில் பிழை இருந்தால் திருத்துவேன், கால் நீட்டி இருப்பவரை மடக்கச் சொல்வேன். உன் அப்பா போன பிறகு நான் யாரையும் அதட்டவில்லை. அங்கேதான் மறுபடியும் அதட்டப் பழகினேன்.

பஸ் முடிந்தால் பரீதாவின் கவி. எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்கள் வயலிலும் வாசலிலும் சொல்லும் நாலு வரிக் கவி உனக்குத் தெரியும். அவள் அந்த இடத்திலேயே கட்டுவாள், அன்றைக்கு யார் பிழை செய்தாரோ அவர் தலையில் விழும். அவளுடைய கவியில் எதுகை சில நேரம் நொண்டும். அதையும் நான் சொல்லியிருக்கிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ தொலைபேசி எடுக்கும்போது நான் உன்னிடம் என்ன சொன்னேன்? கூரை ஒழுகுது. காற்று மண்ணை அள்ளிக் கண்ணுக்குள் போடுது. சீனித்தம்பி அண்ணனின் விசில் காதைக் கிழிக்குது. பரீதாவுக்கு யாப்புத் தெரியாது. ஏழு வருடமாக இதையே சொன்னேன். எனக்குப் பிரியமானதை நான் குறை சொல்லித்தான் கதைப்பேன். உன் அப்பாவையும் அப்படித்தான் நாற்பத்தொரு வருடம் வைத்திருந்தேன். அந்த மனிதருக்கு அது விளங்கியது. உனக்கும் விளங்கும் என்று நினைத்துவிட்டேன். நீ என் குறைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து வாங்கியிருக்கிறாய்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. அம்மா, கொட்டகையை அப்பாவின் ஞாபகமாகத் திருத்திக் கட்டித் தரப்போகிறேன், கண்ணாடிக் கதவு, ஏசி, பெரிய திரை, நல்ல கதிரை, மேடை தேவையில்லைதானே என்று நீ கேட்டாயாம். நான் ஓம் என்றேனாம். ஒருதரம் அல்ல, ஆறு ஏழு தரம் சொன்னேனாம். "அம்மா ஓம் எண்டு சொல்லிட்டா" என்று நீ இல்லத்தின் நிருவாகிக்கு எழுதியிருக்கிறாய். அவர் அதைப் பலகையில் குத்திவைத்தார். மகன், நீ இந்த மண்ணில் பதினெட்டு வருடம் வளர்ந்தவன். எங்கள் ஆட்கள் மற்றவர் கதைக்கக் கதைக்க ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கதைப்பவருக்குத் தனிமை வராதிருக்க. சரி என்ற ஓம் வேறு, கேட்கிறேன் என்ற ஓம் வேறு, கதையை முடி என்ற ஓமோம் வேறு. வெளிநாட்டுக்குப் போய் உனக்கு ஒரே ஒரு ஓம்தான் மிஞ்சியிருக்கிறது.

கட்டட வேலை நடந்த ஆறு மாதமும் சாப்பாட்டு அறையில் கரம் விளையாடிக்கொண்டு காத்திருந்தோம். திறப்பு விழாவன்று எல்லோரும் நல்ல சீலை உடுத்து வந்தார்கள். திரையில் உன் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு வந்தது. "அம்மாவின் விருப்பப்படி" என்றாய். மற்ற இருபத்துநாலு தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் எழும்பி, இது என் விருப்பம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கதவுக்கு மேலே உன் அப்பாவின் பெயர் பித்தளை எழுத்தில் இருந்தது. எனக்கு முன்வரிசையில் நடுக்கதிரை. பெருமையாக இருந்தது, மகன். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர்கள் மன்னிக்கவில்லை. மன்னிக்காதது சரிதான்.

நீ கட்டித் தந்தது எப்படி நடக்கிறது என்று உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கதிரைகள் எல்லாம் திரையைப் பார்த்தபடி தரையோடு ஆணி அடித்துப் பூட்டப்பட்டிருக்கின்றன. மெத்தென்ற நல்ல கதிரைகள். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாது, முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான் தெரியும். சுவரில் 'அமைதி பேணவும்' என்று எழுதியிருக்கிறது. ஏசி போட்டால் காதில் துவாய் கட்டிக்கொண்டு இருக்கிறோம். மின்சாரம் அதிகம் இழுக்கிறதென்று அதை நிறுத்தினால் கண்ணாடிக்குள் அவிந்துபோகிறோம். ஆகவே நாலிலிருந்து ஆறு வரை மட்டும் திரையில் தொலைக்காட்சி நாடகம் போடுவார்கள். மற்ற நேரம் கொட்டகைக்குப் பூட்டு, பூட்டின் திறப்பு நிருவாகியின் இடுப்பில். உன் அப்பா நீர்ப்பாசன ஓவசியர். வயலுக்கு மடை திறந்துவிடுவதே தொழிலாக இருந்த மனிதர். அவருடைய பெயரை ஒரு பூட்டிய கதவுக்கு மேல் அடித்து வைத்திருக்கிறாய்.

பரீதா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பிடும்போது உப்பைக்கூட மற்றவர் மூலம் கேட்டாள். ஒருநாள் குசினி வாசலில் நான் கேட்கட்டும் என்றே சொன்னாள்:

"கண்ணாடிக் கதவு போட்டுக்
காத்தெல்லாம் மறிச்ச மகன்
முன்னால வந்திருந்து
மூச்சு விட்டுப் பார்க்கட்டுமே."

அதில் எதுகை நொண்டவில்லை.

வயர்க் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை. நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். சீனித்தம்பி அண்ணன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருநீறு பூசியிருந்தார். மேடை இருந்த இடத்தில் போய் நின்று, பிடிக்கத் தூணைத் தேடிக் கையை நீட்டினார். தூண் இல்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லிய குரலில், "ஏறு, ஏறு, சாய்ந்தமருது, காரைதீவு..." என்று தொடங்கினார். நிருவாகி மரியாதையாகத்தான் சொன்னார், "ஐயா, சத்தம் போடாம இருங்க, நாடகம் போகுதுதானே." அவர் உடனே, "ஓம் தம்பி, ஓம்" என்று சொல்லிக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் இந்த வீதி முழுவதையும் தன் குரலால் நிறுத்தியும் ஓட்டியும் வைத்தவர்.

நான் எழும்பிப் போய் பிளக்கை இழுத்தேன். எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள் என்று நினைக்காதே. றோசம்மா, "என்ன மிஸ் இது, அழுற கட்டத்தில!" என்று ஏசினாள். இன்னொருவர், "தாய் கட்டச் சொல்றா, தாயே பிடுங்கிறா, எங்கள என்ன பொம்மை எண்டு நினைச்சிட்டாவோ" என்றார். சீனித்தம்பி அண்ணனும் எனக்கு நன்றி சொல்லவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "வயரப் பிடுங்கினா பஸ் ஓடாது மிஸ். கதிரையப் பிடுங்கணும்."

அடுத்த நாள் நான் நிருவாகியிடம் போனேன். ஆணிகளைக் கழற்றுங்கள், கண்ணாடிக் கதவுகளை எடுத்துவிடுங்கள், மேடைக்கு நாலு பலகை போடுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், வயதில் உன்னைவிட இளையவர். கோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். கட்டித் தந்தவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது, கீழே உன் கையெழுத்து. "நீங்க ஓம் எண்டதாலதான், அம்மா, கட்டினது. இப்ப உங்கட மகன் எழுதித் தந்தாத்தான் கழட்டலாம். நான் என்ன செய்ய?" என்றார். ஆகவே அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் எழும்பி நின்று, என் மகன் கேட்டது எனக்கு விருப்பமாக இருக்கவில்லை, நான் சொன்னது கேட்கிறேன் என்ற ஓம் மட்டுமே என்று எல்லோருக்கும் சொன்னேன். கை கழுவப் போகும்போது பரீதா என் பக்கத்தில் வந்தாள். "ஒரு ஓமைச் சொல்லி ஒரு பஸ்ஸயே வித்துப்போட்டியே கா," என்றாள். ஏசினாலும் என்னோடு கதைத்துவிட்டாள். பிறகு பிளேன்டீ குடிக்கும்போது, "மகனுக்கு எழுது. போன்ல கதைக்காத. ஒனக்கு அதில வாய் சரியில்ல" என்றாள்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் நான் சாப்பாட்டு அறையில் சொன்னதும் முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. மூன்று நாள் யோசித்தேன், எழுதுவதா விடுவதா என்று. எழுதுகிறேன். இதை வாசிக்கும்போதுதான் பரீதாவுக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை, மகன். தேவாலயப் பீடத்துணிக்கு லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு வரிசைக்கு அறுபத்துநாலு கண்ணி, எண்ணிக்கை தப்பினால் முழுவதையும் அவிழ்க்க வேண்டும். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நீ மூச்சு வாங்க நிறுத்தும் இடமெல்லாம் பார்த்து ஓம் போட்டேன். நீ கொட்டகை என்று சொன்னதும் ஏசி என்று சொன்னதும் என் காதில் விழவே இல்லை. நீ கதைத்த ஒரு மணித்தியாலத்தில் நான் கேட்டது எண்ணிக்கையை மட்டும். அன்றைக்கு மட்டும்தானா என்று நீ கேட்பாய். இல்லை.

இதைவிடப் பழைய ஓம் ஒன்றும் இருக்கிறது. உனக்குப் பதினெட்டு வயது. நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், உனக்கு முதுகைக் காட்டியபடி. மாமாவோடு வெளிநாடு போய்விடட்டுமா, கடதாசி எல்லாம் சரியாகிவிட்டது என்றாய். அன்றைக்கு நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். என் மனதில் இருந்தது போகாதே என்பது. வாயில் வந்தது ஓம். திரும்பிப் பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கழுவின அரிசியை மறுபடியும் கழுவினேன். நீ சந்தோஷமாக ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாய். அவர் பிறகு என்னிடம், "உன்ட ஓம் எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. போய்ச் சொல்லு" என்றார். நான் போகவில்லை. மகனிடம் கெஞ்சும் தாயாக இருக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெருமையை நான் முப்பத்திரண்டு வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

நீ கேட்டுவிட்டுச் செய்கிறவன் என்பது உண்மைதான். அப்படி உன்னை ஆக்கியதும் நான்தான். பத்து வயதில் என்னை மகிழ்விக்க நினைத்து மல்லிகைக் கொடியை அடியோடு வெட்டிச் சீராக்கி வைத்தாய். அயலட்டையில் எல்லோரும் பார்க்க, "யாரைக் கேட்டு வெட்டினாய்?" என்று உன்னை நிற்கவைத்துக் கேட்டேன். அன்றிலிருந்து நீ எதையும் கேட்காமல் செய்ததில்லை. ஆனால் பதிலை முதலே கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பாய். 'மேடை தேவையில்லைதானே' என்பது கேள்வி இல்லை, மகன். உன் மகளுக்கும் இப்போது பதினெட்டு ஆகப்போகிறது. அவள் உனக்கு ஓம் என்று சொல்லும்போது அவசரப்பட்டு மகிழாதே. அவள் கையில் என்ன வேலை இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள் என்று பார். ஒருவருக்கு நன்மை செய்ய நினைத்தால், அவர் சிரிக்கும் நேரத்தில் ஒருமுறை பக்கத்தில் போய் இரு. பிறகு செய். இருக்க நேரம் இல்லையென்றால் செய்யாதே. கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் உன்னில் பாதி, என்னில் பாதி.

நான் கேட்பது இதுதான். கதிரை ஆணிகளைக் கழற்றலாம் என்று எழுது. கடல் பக்கக் கண்ணாடியை எடுத்துவிடலாம், மேடை போடலாம் என்று எழுது. தொலைக்காட்சி இருக்கட்டும். றோசம்மாவுக்கும் வேறு சிலருக்கும் அந்த நாடகம் வேண்டும், அவர்களுக்கு வேண்டியதை நான் பறிக்க வரவில்லை. அதைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றலாம். அப்பாவின் பெயரைப் பற்றி நீயே முடிவு செய். கதவைத் திறந்து வைத்தால் பெயர் இருக்கட்டும். பூட்டித்தான் வைக்கவேண்டுமென்றால் பெயரைக் கழற்றி எனக்கு அனுப்பச் சொல்லு, என் அலுமாரிக்குள் வைத்துக்கொள்கிறேன். சீனித்தம்பி அண்ணன் இப்போது பின்னேரங்களில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். எண்பத்துமூன்று வயது. இன்னும் எத்தனை சனிக்கிழமை அவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே இதை அடுத்த விடுமுறைக்கு வரும்போது பார்க்கலாம் என்று தள்ளிவைக்காதே.

நீ மாட்டேன் என்றும் சொல்லலாம். உன் உழைப்பு, உன் அப்பாவின் பெயர், உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் மாட்டேன் என்பதையும் எழுத்திலேயே சொல். அதையும் பலகையில் குத்துவேன்.

தொலைபேசி எடுக்காதே, நான் எடுக்க மாட்டேன். நிருவாகிக்கு ஒரு கடிதம், எனக்கு ஒரு கடிதம். இரண்டையும் உன் கையால் எழுதி, கையெழுத்து வைத்து, தபாலில் அனுப்பு.

அம்மா